பிபி ஏறினா போதுமா? கார்டியோஜெனிக் ஷாக் என்றால் என்ன

இன்னைக்கு எபிசோட் ஒரு வாக்கியத்தைப் பத்தி. "பேஷன்ட் ஷாக்ல இருக்காரு." ஐசியு வாசல்ல டாக்டர் இப்படிச் சொன்னா, வெளியே நிக்கிற குடும்பத்துக்கு அது எப்படிக் கேட்கும்? கெட்ட சேதி ஏதோ கேட்டு அதிர்ச்சியில இருக்கார்னு சிலர் நினைப்பாங்க. நெஞ்சுல வெச்சு கரன்ட் கொடுப்பாங்களே, அதுன்னு சிலர் நினைப்பாங்க. ரெண்டுமே இல்லை. மூளை, கிட்னி, கல்லீரல்னு உறுப்புகளுக்குத் தேவையான ரத்தம் போய்ச் சேரலைங்கிறதுதான் மருத்துவத்துல ஷாக். இதயமே பம்ப் பண்ண முடியாம திணறுறது அதுக்குக் காரணம்னா, அது கார்டியோஜெனிக் ஷாக்.

வழக்கமான டிஸ்கிளெய்மர்: நான் டாக்டர் இல்லை, கோட் எழுதிப் பிழைக்கிற ஆள். இங்கே சொல்றது பிரசுரமான ஆய்வுகள்ல இருக்கிறது. சிகிச்சையை முடிவு பண்ண வேண்டியது பேஷன்ட்டைப் பார்க்கிற டாக்டர்தான். ஆனா அவர் ஒரு ஃபாரத்தை நீட்டி கையெழுத்து கேட்கும்போது, எதுக்குக் கேட்கிறார்னு நமக்குப் புரியணும். ஏன்னா அந்த இடத்துல நிக்கப்போறது பெரும்பாலும் நம்ம வயசு ஆட்கள்தான். அப்பா உள்ளே இருப்பார், அம்மா பெஞ்சுல உட்கார்ந்திருப்பாங்க, பேனா நம்ம கையில இருக்கும்.

விஷயத்தோட கனத்தை முதல்லயே சொல்லிடறேன். மாரடைப்பு வர்றவங்கள்ல 100க்கு சுமார் 5 முதல் 10 பேருக்கு இந்த ஷாக் வருது. அப்படி வந்தவங்கள்ல, நல்ல வசதி உள்ள மையங்கள்லகூட, 30 நாளுக்குள்ள 100க்கு 40 முதல் 50 பேர் இறந்துடறாங்க. கிட்டத்தட்ட பூவா தலையா கணக்கு.

எல்லா ஷாக்கும் ஒண்ணு இல்லை

வீட்டு மொட்டை மாடி டேங்க், மோட்டார், பைப் மூணையும் நினைச்சுக்கோங்க. குழாய்ல தண்ணி வரலைன்னா மூணு காரணம் இருக்கலாம். டேங்க்ல தண்ணி இல்லை. பைப் அளவுக்கு மீறி விரிஞ்சு பிரஷர் போயிடுச்சு. இல்லைன்னா மோட்டார் ஓடலை.

விபத்துல ரத்தம் நிறைய போறது, டெங்குல ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியறது, இதெல்லாம் முதல் வகை. கடுமையான கிருமித் தொற்றுல ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிஞ்சுடும், அது ரெண்டாவது வகை. இதயம் ஓயறது மூணாவது. (வெளியிலிருந்து இதயம் அமுக்கப்படறது, நுரையீரல் ரத்தக்குழாய்ல பெரிய கட்டி அடைக்கிறதுன்னு நாலாவது வகையும் உண்டு. அது வேற எபிசோட்.)

இந்தப் பிரிவு ஏன் முக்கியம்? டெங்கு ஷாக்ல டிரிப்ஸ்தான் உயிர்காக்கும் மருந்து. கார்டியோஜெனிக் ஷாக்ல நிலைமை பெரும்பாலும் தலைகீழ். உள்ளே ரத்தம் இருக்கு, தள்ளத்தான் ஆள் இல்லை. இதயத்துக்குப் பின்னாடி ரத்தம் தேங்கி, நுரையீரல்ல நீர் கோத்திருக்கும். அங்கே பாட்டில் பாட்டிலா ஏத்தினா மூச்சுத்திணறல்தான் கூடும். "ஒரு டிரிப்ஸாவது போடலாமே டாக்டர்?"னு கேட்கிற சொந்தக்காரங்க எல்லா குடும்பத்துலயும் உண்டு. டாக்டர் யோசிக்கிறது இதனாலதான். இதயத்தோட வலது பக்கம் மட்டும் அடிபட்டிருந்தா அளவா திரவம் தேவைப்படலாம். அதை எக்கோ பார்த்து அவங்க முடிவு பண்ணுவாங்க.

உடம்பு தன்னைத்தானே கீழே தள்ளுற சுழல்

நம்ம இதயம் ஓய்வா இருக்கும்போது நிமிஷத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுது. இடது கீழறைதான் மெயின் மோட்டார். பெரிய மாரடைப்புல அதோட தசையில ஒரு பகுதி ரத்தம் கிடைக்காம செயலிழக்குது. ஷாக்ல இறந்தவங்க இதயங்களைப் பிரேதப் பரிசோதனையில பார்த்தப்போ, இடது கீழறைத் தசையில சுமார் 40 சதவீதமோ அதுக்கு மேலயோ போயிருந்ததை 1970கள்லயே மருத்துவர்கள் பதிவு பண்ணியிருக்காங்க.

அதுக்கு அப்புறம் நடக்கிறதுதான் கொடுமை. தள்ளுற ரத்தம் குறையுது, பிபி இறங்குது. இதயத்துக்கும் ரத்தம் தேவை இல்லையா? அதைக் கொடுக்கிற கொரோனரி குழாய்கள்ல ஓட்டமும் பிபியை நம்பித்தான் இருக்கு. பிபி இறங்கினா இதயத்துக்கே ரத்தம் குறையுது. அதனால இன்னும் கொஞ்சம் தசை ஓயுது. பிபி இன்னும் இறங்குது.

இதை உடம்பு கவனிச்சுட்டு உதவிக்கு ஓடி வருது. அட்ரினலின் கொட்டுது, துடிப்பு வேகமாகுது, கை கால் ரத்தக்குழாய்கள் சுருங்குது, கிட்னி உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வைக்குது. ரத்தம் போற நிலைமைக்கு இதெல்லாம் அருமையான தற்காப்பு. ஓய்ஞ்சுபோன இதயத்துக்கு இது தண்டனை. வேகமா துடிக்க அதிக ஆக்சிஜன் வேணும், சுருங்கின குழாய்க்குள்ள தள்ள அதிக பலம் வேணும், பிடிச்சு வெச்ச தண்ணி நுரையீரல்ல சேருது.

நம்ம ஃபீல்டு ஆட்களுக்கு இது பழக்கமான காட்சி. ஒரு சர்வர் திணறும்போது எல்லா கிளையன்ட்டும் விடாம ரீட்ரை பண்ணும். உதவின்னு நினைச்சுப் பண்ற ரீட்ரையே சர்வரைச் சாகடிக்கும். கார்டியோஜெனிக் ஷாக் அப்படி ஒரு சுழல்.

எதனால வருது?

முதல் காரணம் மாரடைப்பு. அதுலயும் பெரும்பாலும் தசை ஓயறதுதான். சிலருக்கு வேற மாதிரி நடக்கும்: செத்த தசை கிழிஞ்சு, ரெண்டு கீழறைகளுக்கும் நடுவுல ஓட்டை விழலாம். மைட்ரல் வால்வைப் பிடிச்சு நிக்கிற தசை அறுந்து வால்வு தொளதொளன்னு ஆகலாம். இதயச் சுவரே கிழிஞ்சு சுத்தி இருக்கிற உறைக்குள்ள ரத்தம் நிரம்பலாம். இதுக்கெல்லாம் மருந்து மட்டும் பத்தாது, பெரும்பாலும் ஆபரேஷன் வரைக்கும் போகணும். ஷாக்னு தெரிஞ்சதும் பெட் பக்கத்துலயே எக்கோ மெஷினை உருட்டிட்டு வர்றது இதைப் பார்க்கத்தான்.

மாரடைப்பே இல்லாமலும் வரும். பல வருஷமா இதயம் பலவீனமா இருக்கிறவருக்கு ஒரு நாள் திடீர்னு முத்திப் போகலாம். துடிப்பு தாறுமாறா வேகமாகவோ மெதுவாகவோ ஓடலாம். வால்வு கெட்டுப்போகலாம். பிரசவத்தை ஒட்டி சில பெண்களுக்கு இதயத் தசை பலவீனமாகும்.

இளவயசுக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டியது மயோகார்டைட்டிஸ், அதாவது இதயத் தசை அழற்சி. பெரும்பாலும் வைரஸ் தொற்றைத் தொடர்ந்து வரும். நிறைய பேருக்குத் தானாவே சரியாகும். வெகு சிலருக்கு மட்டும் சில நாள்ல ஷாக் வரைக்கும் போகும். காய்ச்சல் விட்ட பிறகும் நெஞ்சுவலி, படுத்தா மூச்சு முட்டுறது, மயக்கம், படபடப்பு இருந்தா "வைரல் ஃபீவர் வீக்னஸ்தான்"னு தள்ளிப்போடாம ஒரு இசிஜி எடுங்க.

எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

பாடப்புத்தகக் கணக்கு இது: மேல் பிபி 90க்குக் கீழே அரை மணி நேரத்துக்கு மேல இருக்கணும், இல்லைன்னா 90ஐத் தொடவே மருந்து தேவைப்படணும். கூடவே உறுப்புகளுக்கு ரத்தம் போகலைங்கிறதுக்கு அடையாளம் வேணும்: சில்லுன்னு பிசுபிசுத்த கை கால், குழப்பமான பேச்சு, மணிக்கு 30 மில்லிக்கும் குறைவான சிறுநீர், ரத்தத்துல லாக்டேட் 2க்கு மேல.

லாக்டேட்னா ஆக்சிஜன் பத்தாம செல்கள் திண்டாடும்போது ரத்தத்துல சேர்ற பொருள். மானிட்டர்ல பெருசா தெரியறது பிபி. ஆனா உள்ளே நிஜமா என்ன நடக்குதுன்னு நிறைய சொல்றது லாக்டேட்டும் யூரின் பையும்தான். பிபி 100 காட்டிட்டு, கை கால் ஜில்லுன்னு, யூரின் வராம ஒருத்தர் ஷாக்ல இருக்க முடியும். குழாய்கள் இறுகிப் போய் நம்பரை மட்டும் தூக்கிப் பிடிச்சிருக்கும்.

அமெரிக்காவின் இதய ஆஞ்சியோகிராஃபி மருத்துவர்கள் சங்கம் 2019ல் இதை ஏ முதல் ஈ வரை 5 படிகளா பிரிச்சது. ஏ-ன்னா ஷாக் வர வாய்ப்புள்ள நிலை, சி-ன்னா முழு ஷாக், ஈ-ன்னா கைமீறுற கட்டம். படி ஏற ஏற ஆபத்து கூடும். "எந்த ஸ்டேஜ் டாக்டர்?"னு கேட்டா பதில் கிடைக்கிற கேள்வி இது.

அடைப்பைத் திறக்கணும், சீக்கிரம் திறக்கணும்

மாரடைப்பால் வர்ற ஷாக்குக்கு எது உயிரைக் காப்பாத்துதுன்னு உறுதியா காட்டின முதல் ஆய்வு 1999ல வந்தது. அதோட பேரே 'ஷாக்'. அமெரிக்க மருத்துவர் ஜூடித் ஹாக்மன் தலைமையில நடந்தது. 302 நோயாளிகள். ஒரு குழுவுக்கு உடனே ஆஞ்சியோபிளாஸ்டி அல்லது பைபாஸ். இன்னொரு குழுவுக்கு முதல்ல மருந்து கொடுத்து நிலைப்படுத்தறது.

30 நாள் முடிவுல உடனே திறந்த குழுவில் 46.7 சதவீதம் பேரும், மருந்துக் குழுவில் 56 சதவீதம் பேரும் இறந்திருந்தாங்க. புள்ளிவிவரப்படி இந்த வித்தியாசம் தற்செயலா இருக்கலாம்னு ஒதுக்கிட முடியும். அங்கேயே நிறுத்தியிருந்தா "பெருசா பலன் இல்லை"னு கதை முடிஞ்சிருக்கும். 6 மாசம் கழிச்சுப் பார்த்தா 50.3க்கு 63.1. 100 பேருக்கு 13 உயிர். ஷாக்ல இருக்கிறவரை கேத் லேபுக்குக் கொண்டுபோறது ஆபத்துதானேன்னு தோணும். கொண்டுபோகாம இருக்கிறது அதைவிட ஆபத்துன்னு இந்த ஆய்வு காட்டிடுச்சு.

அடுத்து, குடும்பங்கள் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வி. "மூணு அடைப்புன்னு சொன்னீங்க, ஏன் ஒண்ணுக்கு மட்டும் ஸ்டென்ட் வெச்சீங்க?" இதுக்கு 2017ல வந்த 'கல்ப்ரிட்-ஷாக்' ஆய்வு பதில் சொல்லுது. 700க்கும் மேற்பட்டவங்களைச் சேர்த்துப் பண்ணினது. மாரடைப்புக்குக் காரணமான ஒரு குழாயை மட்டும் முதல்ல திறந்தவங்கள்ல 30 நாள்ல 43.3 சதவீதம் பேர் இறந்தாங்க. எல்லா அடைப்பையும் ஒரே மூச்சுல சரிபண்ணினவங்கள்ல 51.6 சதவீதம். ஓய்ஞ்ச இதயத்துக்கு நீளமான புரொசீஜர் தாங்காது. மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம். புரொடக்ஷன் டவுனா இருக்கும்போது டெக்னிக்கல் டெப்டையும் சேர்த்து முடிக்க மாட்டோம் இல்லையா, அது மாதிரி.

பிபியை ஏத்துற மருந்துகளும் கொடுப்பாங்க. நார்அட்ரினலின் குழாய்களை இறுக்கும், டோபுடமின் மாதிரி மருந்து இதயத்தைப் பலமா அடிக்க வைக்கும். மூளைக்கும் கிட்னிக்கும் ரத்தம் போய்ச் சேர இவை வேணும். ஆனா ஒவ்வொரு சொட்டும் களைச்ச இதயத்துக்கிட்ட இன்னும் வேலை வாங்குது. அதனாலதான் தேவையான குறைஞ்ச அளவு, குறைஞ்ச காலம்னு பார்க்கிறாங்க. "பிபி ஏறிடுச்சு"ங்கிறது நல்ல சேதிதான், அதுக்காக எத்தனை மருந்து ஓடுதுன்னும் சேர்த்துக் கேளுங்க.

"அந்த மெஷினைப் போடுங்க, செலவைப் பத்தி கவலை இல்லை"

இதுதான் ஐசியு வாசல்ல நடக்கிற கஷ்டமான பேச்சு. மெஷின்கள் பல லட்ச ரூபாய் விஷயம். வீட்டை அடமானம் வைக்கிற முடிவு சில நிமிஷத்துல எடுக்கப்படுது. அதனால ஆய்வுகள் சொன்னதை நிதானமா பார்ப்போம்.

முதல் மெஷின், பலூன் பம்ப். தொடை வழியா பெருந்தமனிக்குள்ள ஒரு பலூனை வெச்சு, துடிப்புக்கு ஏத்த மாதிரி ஊதிச் சுருக்குவாங்க. நியூயார்க்கின் புரூக்லினில் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் 1967ல முதன்முதலா நோயாளிக்குப் பயன்படுத்தினார். அடுத்த 40 வருஷத்துக்கு மேல உலகம் முழுக்க வழக்கமான சிகிச்சையா ஆயிடுச்சு. 2012ல ஜெர்மனியில ஹோல்கர் தீலே குழு 600 பேர்கிட்ட சோதிச்சுப் பார்த்தது. 30 நாள் இறப்பு: பலூன் வெச்சவங்கள்ல 39.7 சதவீதம், வைக்காதவங்கள்ல 41.3. சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்லை.

ரெண்டாவது, எக்மோ. கோவிட் காலத்துல எல்லாரும் கேள்விப்பட்ட பேர். சிரையிலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் சேர்த்து, தமனிக்குள்ள திருப்பித் தள்ளும். 2023ல அதே தீலே தலைமையில 420 பேர்கிட்ட நடந்த ஆய்வுல, 30 நாள் இறப்பு 47.8க்கு 49. இதுலயும் லாபம் தெரியலை. பெரிய ரத்தக்கசிவு மட்டும் 9.6 சதவீதத்திலிருந்து 23.4 ஆச்சு. எக்மோ உறுப்புகளுக்கு ரத்தம் கொடுக்குது, சரி. ஆனா அது தமனிக்குள்ள தள்ளுற ரத்தத்தை எதிர்த்துத்தான் பலவீனமான இடது கீழறை திறக்கணும். இதயத்தோட சுமை கூடுது. இது மாரடைப்பு ஷாக்ல எல்லாருக்கும் வழக்கமா போடறதைப் பத்தின முடிவு. மயோகார்டைட்டிஸ் மாதிரி மீள வாய்ப்புள்ள சிலருக்கு, இல்லைன்னா மாற்று இதயம் வரைக்கும் தாங்கிப் பிடிக்க, எக்மோவுக்கு இன்னும் இடம் இருக்கு.

மூணாவது, இம்பெல்லா. பென்சிலைவிட மெல்லிசான ஒரு பம்ப். தொடைத் தமனி வழியா ஏத்தி இடது கீழறைக்குள்ளயே வைப்பாங்க. அங்கே இருக்கிற ரத்தத்தை உறிஞ்சி பெருந்தமனியில விடும். இதயத்தோட சுமையைக் குறைக்கிறதுதான் இதோட வேலை. 2013லிருந்து 2023 வரைக்கும் டென்மார்க், ஜெர்மனி, பிரிட்டன் மூணு நாடுகள்ல, 360 பேரைச் சேர்த்து 'டேஞ்சர் ஷாக்'னு ஒரு ஆய்வு நடந்தது. 2024ல முடிவு வந்தது. 180 நாள்ல இறப்பு பம்ப் வெச்சவங்கள்ல 45.8 சதவீதம், வைக்காதவங்கள்ல 58.5. சுமார் 8 பேருக்கு வெச்சா ஒரு உயிர் கூடுதலா பிழைக்குது.

அப்போ எல்லாருக்கும் போட்டுடலாமா? அங்கேதான் நிறுத்தி யோசிக்கணும். அந்த ஆய்வுல சேர்த்தது குழாய் முழுசா அடைச்சு வர்ற பெரிய மாரடைப்பு வகையை மட்டும். இதயம் நின்னு, மீட்ட பிறகும் கோமாவில இருந்தவங்களைச் சேர்க்கலை. பம்ப் வெச்சவங்களுக்கு ரத்தக்கசிவு, காலுக்கு ரத்தம் போகாம அடைபடறது மாதிரியான கடுமையான சிக்கல்கள் 24 சதவீதம், வைக்காதவங்களுக்கு 6.2. டயாலிசிஸ் மாதிரியான கிட்னி உதவி தேவைப்பட்டது 41.9க்கு 26.7. சரியான ஆளுக்கு, பழகின டீம் கையில, இது உயிர். தவறான ஆளுக்கு இது செலவோட சேர்ந்த ஆபத்து.

இந்த மூணு மெஷினையும் சேர்த்துப் பார்த்தா எனக்குப் புரியறது இதுதான். மானிட்டர் நம்பரை உயர்த்தறது ஒரு வேலை, சுழலை உடைக்கிறது வேற வேலை. அடைப்பைத் திறக்கிறதும், இதயத்தோட சுமையைக் குறைக்கிறதும் சுழலை உடைக்குது.

பிழைச்சவங்க எப்படி இருக்காங்க?

இது நல்ல சேதி. 'ஷாக்' ஆய்வுல ஒரு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்கள்ல 83 சதவீதம் பேருக்கு அன்றாட வேலைகள்ல மூச்சுத்திணறல் இல்லை, இல்லைன்னா லேசாத்தான் இருந்தது. 6 வருஷம் கழிச்சுப் பார்த்தப்போ, உடனே குழாயைத் திறந்து உயிரோட வீடு திரும்பினவங்கள்ல 62.4 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க. அதாவது, அந்த முதல் சில வாரம்தான் மலை. அதைத் தாண்டினவங்களுக்கு வாழ்க்கை இருக்கு. "பிழைச்சாலும் படுக்கைதானே"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நம்ம கையில இருக்கிறது

'ஷாக்' ஆய்வுல சேர்ந்தவங்களுக்கு, மாரடைப்பு ஆரம்பிச்சு ஷாக் வர ஆன நேரம், நடுத்தரமா பார்த்தா, 5.6 மணி நேரம். அந்த இடைவெளியிலதான் பல குடும்பங்கள் "கேஸ்ட்ரிக்கா இருக்கும்"னு ஜெலுசில் கொடுத்துட்டு, விடியட்டும்னு காத்திருக்கு. குழாய் அடைச்சிருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் தசை போய்க்கிட்டே இருக்கு. சீக்கிரம் திறந்தா, ஷாக்கே வராம போக வாய்ப்பு இருக்கு.

அதனால நெஞ்சு அழுத்தம், தாடை அல்லது கைக்குப் பரவற வலி, காரணமில்லாத குளிர் வியர்வை, மூச்சுத்திணறல்: உடனே 108. பைக் பின்னாடி உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போகாதீங்க. கிராமத்துல இருந்தா இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க. 2023 ஜூன்ல தமிழ்நாடு அரசு தொடங்கின 'இதயம் காப்போம்' திட்டப்படி, ஆரம்ப சுகாதார நிலையங்கள்லயும் துணை சுகாதார நிலையங்கள்லயும் மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரைகள் இருக்கு. கொடுத்துட்டு மேல்சிகிச்சைக்கு அனுப்பிடுவாங்க. அடைப்பைத் திறக்கிற வசதி உள்ள ஆஸ்பத்திரி உங்க வீட்டுக்குப் பக்கத்துல எதுன்னு இன்னைக்கே பார்த்து வைங்க. அர்த்த ராத்திரியில கூகுள் பண்ற விஷயம் இல்லை இது.

ஒருவேளை ஐசியு வாசல்ல நிக்க வேண்டி வந்தா, இந்தக் கேள்விகளை போன்ல எழுதி வெச்சுக்கோங்க.

ஷாக்குக்குக் காரணம் என்ன, எக்கோ என்ன சொல்லுது? அடைப்பைத் திறந்தாச்சா, இல்லைன்னா எப்போ? லாக்டேட் எவ்வளவு, 6 மணி நேரத்துக்கு முன்னாடி எவ்வளவு இருந்தது? யூரின் போகுதா? பிபிக்கு எத்தனை மருந்து ஓடுது, கூடுதா குறையுதா? மெஷின் வைக்கலாம்னா, எங்க ஆளுக்கு அது ஏன் பொருந்தும், என்ன ஆபத்து? இங்கே வசதி இல்லைன்னா, மாத்துறதுக்கான நேரம் இப்பவா?

சத்தம் போடாம, பணிவா கேளுங்க. ராத்திரி முழுக்க நிக்கிற டூட்டி டாக்டருக்கும் தெளிவான கேள்வி உதவியாத்தான் இருக்கும். எல்லாம் சரியா நடந்தும் ஆள் பிழைக்காம போகலாம், இந்த நோய் அவ்வளவு கடுமையானது. அப்படி ஆனா, அன்னைக்கு மெஷினுக்குக் காசு புரட்டாததாலதான்னு உங்களை நீங்களே தண்டிச்சுக்காதீங்க. மேலே சொன்ன நம்பர்களை ஒரு தடவை திரும்பப் படிங்க.

இந்தப் பக்கத்தை உங்க ஃபேமிலி குரூப்ல போட்டு வைங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.